நான்கு அங்குல மூடி

பள்ளிவாசலில் முப்பத்தாறு குழாய்.
ஒவ்வொன்றின் கீழும் பெயிண்ட் டப்பா வைத்து
ஒரு வாரம் அளந்தேன்.
சுபுஹுக்கு வருகிறவர் அரைத்தூக்கத்தில் ஆறு லிட்டர்.
மஃரிபுக்கு வருகிறவர் பேசிக்கொண்டே ஒன்பது.
பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பையன்கள்
டப்பாவில் அடங்கவில்லை.

ஜமாத் கூட்டத்தில் என்னையும் உட்காரச் சொன்னார்கள்.
குழாய் ரிப்பேர் எத்திராசன்,
நெற்றியில் விபூதி, பாயின் ஓரத்தில்
மடியில் டப்பாவோடு.

ஹஜ்ரத் சொன்னார்:
ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளு செய்தாலும்
வீணாக்கக் கூடாது, நமக்கு இட்ட கட்டளை அது.
பின்வரிசையில் முக்தியார் சிரித்தார்,
பாலாற்று மணலை லாரியில் ஓட்டினவர்.
“ஆறு ஓடுதான்னு மொதல்ல பாக்கணும் ஹஜ்ரத்.”
யாரும் அதட்டவில்லை.
சன்னலுக்கு வெளியே ஆறு
கண்ணெட்டும் மட்டும் சீமைக்கருவேலம்.

தீர்மானம் போட்டார்கள்.
மூக்கு மெலிந்த குழாய் முப்பத்தாறு.
கால் கழுவிய தண்ணீர் இனி சாக்கடைக்கு இல்லை,
ஜல்லி கரி மணல் மூன்றிலும் இறங்கி
தூர்ந்த கிணற்றுக்கு.
அள்ளினோம். ஒற்றைச் செருப்புகள்,
ஃபேன் இறக்கை, யாரோ தொலைத்ததாகச் சண்டை போட்ட
பித்தளைக் கூஜா.

செலவுக்கு முதல் பணம் ஜியாவுத்தீன் ஹாஜியார்.
எண்ணாமல் கொடுத்தார்.
நான் எண்ணினேன்.

அவருடைய தோல்ஷாப்பிலும்
ஒரு குழாய் போட்டிருக்கிறேன்.
ஆறு வருஷம் முன்னால், ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில்.
சுத்திகரிப்புக்குப் போகும் லைனில் கிளை பிரித்து
காம்பவுண்டுக்கு அடியில் நான்கு அங்குலம்
ஆற்றைப் பார்த்து.
மழை கனக்கிற ராத்திரிக்கு மட்டும்தான், என்றார் மேனேஜர்.
கூலி ரெட்டை.
அதில்தான் மகளுக்கு ரத்தினகிரியில் காது குத்தினேன்.
ஆடிக் கிருத்திகைக்கு ஏறும்போது
முருகனிடம் கடன், கால்வலி, மச்சான் தகராறு
எல்லாம் சொல்வேன்.
இது வரும்போது மட்டும்
படி எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

ஐப்பசியில் கயிறு இரண்டு முழம் குறைந்தது.
பையன்கள் கிணற்றைச் சுற்றிக் கத்தினார்கள்.
பக்கத்துத் தெரு கமருன்னிசா
குடத்தில் கை விட்டு நக்கிப் பார்த்து,
“உப்பு கம்மிதான்” என்றாள்.
பிறகு குடத்தைத் தூக்கியபடி,
“ஆத்தோரம் எங்க அக்கா வூட்டுக் கெணறுதான்
இன்னும் மஞ்சளா கீது.”
என்னைப் பார்த்துச் சொன்னதல்ல.
ஆனாலும் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

வெள்ளிக்கிழமை. பத்தொன்பதாம் குழாயில் ஹாஜியார்.
புதுக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் விழும்.
முழங்கை நனையக் காத்திருக்க வேண்டும்.
காத்திருந்தார்.
இருபதாம் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன்.
திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:
“எத்திராசு, அந்தப் பைப்ப மூடறதுக்கு இன்னா ஆவும்?”
“மூடி ஒண்ணு. சிமெண்டு அரை மூட்டை.”
“கூலி?”
“போட்டப்பவே வாங்கிட்டேன்.”

கை உதறிய துளி என் முட்டியில் விழுந்தது.
உள்ளே போய்விட்டார்.
அன்றைக்குப் பயான் எதைப் பற்றி என்று தெரியவில்லை,
ஒலிபெருக்கி கரகரத்தது.

மூடி வாங்கியாயிற்று, ஆற்காட்டுக் கடையில்.
ஸ்கூட்டர் பெட்டியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும்
டொக்கென்று ஒரு சத்தம்.
மூன்று வெள்ளி போய்விட்டது,
அவரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.
இப்போது ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்து வருகிறது.
ராத்திரி கனக்கும்.

அரை மூட்டை சிமெண்டு
கால் வைக்கிற இடத்தில் இருக்கிறது.
காம்பவுண்டு எந்த மூலையில் தாழ்வு என்று
எனக்குத் தெரியும்.