ஒவ்வொன்றாக

கடலையே பார்த்திராத கடல்நாய் அது.
பைக்கால் ஏரியின் பனிக்கட்டிமேல் பிறந்து
அதன் இருட்டுக்குள் இரை தேடுவது.
இங்கே நெர்பா என்பார்கள்.
ஆகஸ்ட் கடைசியில் ஒன்றைப் பிடித்து
உச்சந்தலை மயிரில்
தீப்பெட்டியினும் சிறிய கருவியை ஒட்டினோம்.
சோரிக்தோ அதன் கண்களைத் துண்டால் மூடியிருந்தான்.
பசை காயும்வரை அவனும் மூச்சடக்கினான்.

கருவிக்குக் கண் கிடையாது, காது கிடையாது.
முன்பின், இடவலம், மேல்கீழ்,
இவ்வளவுதான் அதற்கு உலகம்.
நொடிக்கு இருபத்தைந்து முறை
இப்போது எவ்வளவு குலுங்கினாய் என்று கேட்டுக்
குறித்துவைக்கும், வட்டிக்கடைக்காரரைப் போல.

ஏழாம் நாள் தானே கழன்று மிதக்க வேண்டும்.
கழன்றது.
அன்றே சர்மா காற்று அடிக்கத் தொடங்கியதில்
மூன்று நாள் படகை இறக்க முடியவில்லை.
நான்காம் நாள் ஆன்டெனாவைத் தூக்கித் திருப்பினால்
சமிக்ஞை தண்ணீரிலிருந்து வரவில்லை.
கரையிலிருந்து,
ஒரு நீலக் கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது.

கிளாஃபிரா. தபால் நிலையத்தில் அரை நாள் வேலை.
கூழாங்கற்களிடையே கிடந்ததை எடுத்துக்
கம்பளிச் சட்டையின் கைமடிப்பில் செருகியவள்
மறந்தும் போயிருக்கிறாள்.
ஏதோ கார்ச் சாவி என்று நினைத்தாளாம்.
திருப்பித் தர என்ன வேண்டும் என்றோம்.
யோசிக்கவேயில்லை: "இரண்டு லிட்டர் பெட்ரோல்."

உலான்-உதேயில், ஆறாவது மாடியில்,
கோடுகளைத் திரையில் விரித்தேன்.
மூழ்குகிறது.
தலை ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு.
ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு குட்டி இறால்,
நகக்கண் அளவு.
ஒரு மூச்சுக்குள் ஐம்பது, சில சமயம் அறுபது.
அவ்வளவு பெரிய உடம்பு
இவ்வளவு சிறியதை
ஒவ்வொன்றாகத் தின்றா கொழுக்கிறது?
கொழுக்கிறது.
இறங்கிய செலவு, ஏறிய செலவு எல்லாம் போகக்
கையில் கொஞ்சம் நிற்கிறது.
அந்தக் கொஞ்சம்தான் அதன் குளிர்காலம்.

கழன்ற இடத்துக்குப் பிறகு நெடுநேரம் வெறும் அலை.
யாருடையதும் அல்லாத ஆட்டம்.
அப்புறம் திடீரென்று மறுபடி வேட்டை!
பத்தாம் நாள் காலை ஆறே காலிலிருந்து
குனிவு, வெட்டு, இழுப்பு,
குனிவு, வெட்டு, இழுப்பு.
நிரல் தயங்கவில்லை, எண்ணிச் சொன்னது.
இரை பிடித்தது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.
ஆழம்: சுழியம்.

சோரிக்தோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"உருளைக்கிழங்கு தோண்டியிருக்கிறாள்" என்றான்.

அவன் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினோரு மணிக்கு ஓர் இடைவெளி, ஏழு நிமிடம்.
தேநீராக இருக்கலாம். இடுப்பாக இருக்கலாம்.
இரண்டுக்குப் பின் வெட்டுகளின் உயரம் குறைகிறது,
எண்ணிக்கை குறையவில்லை.
நாலரைக்கு ஒரு நடுக்கம், ஒரு நிமிடத்துக்கும் மேல்.
குளிரா, சிரிப்பா, வேறெதுவுமா?
குலுங்கலைத்தான் கேட்கும் இது,
எதற்கென்று கேட்காது.
செலவைச் சொல்லும் சூத்திரம் என்னிடம் உண்டு,
நெர்பாவின் எடைக்கு எழுதியது.
அவளை அதில் இட்டுப் பார்க்க மனம் வரவில்லை.

இந்த வரிசைகளை நீக்கியாக வேண்டும்.
நீக்குமுன் அவளுக்குத் தொலைபேசினேன்.
"எத்தனை என்கிறாய்?"
சொன்னேன்.
வாய்க்குள் கணக்குப் போடும் சத்தம்.
"அழுகலையும் சேர்த்து எண்ணியிருக்கிறது உன் பெட்டி."
பிறகு, குரலை மாற்றிக்கொண்டு,
"அந்தப் பிராணி? நன்றாகத் தின்றதா?"
தின்றது என்றேன்.
வைத்துவிட்டாள்.

நீக்கினேன்.
பெட்ரோல் ரசீதை அலுவலகத்தில் கொடுத்தேன்.
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
கணக்கர் கேட்டு அனுப்பியிருக்கிறார்.
இன்னும் பதில் போடவில்லை.