எட்டு நொடி, ஆறு நிமிடம்

சான் அன்டோனியோ. ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி.
நடைக்கூடம் அளந்துவைத்த முப்பது மீட்டர்,
இரு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு.
ஓர்வில் சிர்ஹார்ட் வருகிறார்:
எழுபத்தொரு வயது, நெளிந்த தொப்பி,
மூக்கில் குழாய்,
பின்னால் நாய்க்குட்டிபோல் உருளும் ஆக்சிஜன்.

ரோடியோ மைதானங்களில் நாற்பது வருஷம் மைக் பிடித்தவர்.
கதவு திறந்து காளை துள்ள,
கயிற்றில் ஒற்றைக் கையோடு ஒருவன் தொங்கும்
எட்டு நொடியையும்
ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாராம்.
இப்போது நர்ஸின் பெயரைச் சொல்ல
நடுவில் ஒருமுறை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது.
டெல்.
ஃபீனா.

முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால்
செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிற சத்தம்.
ஸ்கேனில் தேன்கூடு.
தேனும் இல்லை, ஈயும் இல்லை,
கெட்டித்துப்போன சுவர்கள் மட்டும்.

டாக்டர் வெண்ட்லாண்ட் காகிதத்தில் வட்டம் வரைகிறாள்.
இந்தச் செல்கள் வயதாகி வேலையை விட்டவை.
பெருகுவதில்லை. சாவதும் இல்லை.
சும்மா கிடந்தாலாவது போகட்டும்,
கிடக்கும் இடத்திலிருந்தே எதையோ கசியவிட்டுப்
பக்கத்து வீட்டையும் கிழடாக்குகின்றன,
தழும்புக்குத் தீனி போடுகின்றன.

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்போம்.
சாக மறுத்தே கெடுப்பவனுக்குப் பழமொழி இல்லை.
எழுத்தில் வேண்டுமானால் உண்டு:
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
மூன்று புள்ளியாய் உட்கார்ந்திருக்கிற ஒன்று.
ஆனால் பாவம், ஆய்தம் யாரையும் கெடுத்ததில்லை.

மாத்திரை இரண்டு.
ஒன்று ரத்தப் புற்றுக்கென்று பிறந்தது.
மற்றது வெங்காயத்திலும் ஆப்பிள் தோலிலும் இருக்கிற மஞ்சள்.
'பெரிய வெங்காயம்!' என்று சலித்துக்கொள்வோமே,
அதேதான்.
வாரத்தில் மூன்று நாள் விழுங்கி நான்கு நாள் விட வேண்டும்.
மூன்று வாரம், அவ்வளவே.
காவல் நிற்கிற மருந்தல்ல,
அடித்துவிட்டுக் கிளம்புகிற மருந்து.

'எது கிழடு... எது நான் என்று
அதற்கு எப்படித் தெரியும்?' என்றார் ஓர்வில்.
சாகாமலிருக்க அவை எதையோ இறுகப் பிடித்திருக்கின்றன,
மருந்து அந்த விரல்களைத் தளர்த்தும் என்றாள்.
ஓர்வில் தலையாட்டினார்.
பிடி நழுவியவன் என்ன ஆவான் என்பதை
அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
புண் ஆற உதவுகிற கிழட்டுச் செல்களும் உண்டு,
அவையும் போகலாம் என்றாள்.
இருக்கிற தழும்பு போகாது என்றும்.
கையெழுத்துக்கு இடம் காட்டினாள்.

இன்று மருந்துக்குப் பிந்தைய நடை.
டெல்ஃபீனாவுக்கு அனுமதித்த வாக்கியங்கள் சில.
'நன்றாக நடக்கிறீர்கள். மூன்று நிமிடம் மீதி.'
வேறு எதுவும் சொல்லக்கூடாது,
கைதட்டக்கூடாது, கூட நடக்கக்கூடாது.
அவரும் பேசக்கூடாது.
நான்காம் நிமிடத்தில் அவர் உதடு அசைவதைப் பார்த்தாள்.
சத்தமில்லாமல் வர்ணனை நடக்கிறது:
கூம்பைச் சுற்றுகிறான், சாய்கிறான்,
இன்னும் விழவில்லை, இன்னும்—
விரல்கவ்வியில் எண்பத்தேழு.
'நில்லுங்கள்.'

போன தடவை முந்நூற்று ஆறு மீட்டர்.
இப்போது முந்நூற்று இருபத்தேழு.
இருபத்தொரு மீட்டர் மருந்தாக இருக்கலாம்,
பாதை பழகியதாக இருக்கலாம்,
புது ஷூவாகக்கூட இருக்கலாம் என்று
வெண்ட்லாண்ட் எண்ணை மட்டும் எழுதினாள்.

'டெல்.
ஃபீனா.
அந்த டேப்பை... உரிக்காதே.'

அவர் நின்ற இடத்தில் தரையில் ஒட்டிய நீலத் துண்டு,
கூம்புக்கு மூன்று மீட்டர் முன்னால்.
விதிப்படி உரித்திருக்க வேண்டும்.

மதியம் திருமதி ஒஃபேலியா சர்த்தூச்சே வந்தாள்,
கோட்டில் நின்றாள்,
'அங்கே என்ன அது?' என்றாள்.

டெல்ஃபீனாவின் வாக்கியங்களில் அதற்குப் பதில் இல்லை.
கடிகாரத்தை அழுத்தினாள்.
'நடக்கலாம்.'