இடமிருந்து நாலாவது

ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக் கார்வெட்
இருபத்தைந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கி
சேலம் நாலு ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது
அதற்குப் பன்னிரண்டு பல்தான் இருந்தது.

டப்பாப் படத்தில் பதின்மூன்று.
மூன்று தடவை எண்ணினேன்.
எண்ணுவதுதான் தொழில் எனக்கு.
காலையில் டென்டல் லேபின் ஷட்டரைத் தூக்கினால்
மேஜை நீளத்துக்கு அச்சுகள் வாய் பிளந்து கிடக்கும்:
ஓமலூர் வாய், ஆத்தூர் வாய், அயோத்தியாப்பட்டணத்து வாய்.
முகம் ஒன்றும் தெரியாது.
யாருக்கு எது இல்லை என்பது தெரியும்.

காருக்கு இல்லாதது இடமிருந்து நாலாவது.
டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன்,
பாலிதீன் உறையை வெளிச்சத்தில் பிடித்தேன்.
எந்தக் கடலில் உதிர்ந்ததோ.
ஒரு பல்லுக்காக அமெரிக்காவுக்கு எழுதுவார்களா?

மெழுகை எடுத்தேன்.
பக்கத்துப் பல்லைப் பார்த்துச் செதுக்குவது
எந்த வாயானாலும் ஒன்றுதான்.
அரிசியில் பாதி. மூச்சை அடக்கிக்கொண்டால் போதும்.
உலோகம் ஓடிவர அதற்கொரு தண்டு வைத்தேன்;
நாங்கள் அதை ஸ்ப்ரூ என்போம்.
பாகங்கள் தொங்கிக்கொண்டு வரும் சட்டத்தை
மாடல் கட்டுகிறவர்களும் ஸ்ப்ரூ என்கிறார்கள்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கும்
நம் குலசாமியே என்று தெரிந்த மாதிரி
கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன்.

தில்ஷாத் அன்றைக்கு வார்க்க வைத்திருந்தது
ஏற்காடு சவரிமுத்துவின் மேல்தாடைத் தகடு,
கோபால்ட் குரோம்.
ஓரமா இதையும் வெச்சுடு, என்றேன்.
யாரு பல்லு?
செவர்லேயோடது.
கிறிஸ்டியனா, என்று கேட்டபடியே
சீட்டில் பெயரை எழுதிவிட்டாள்.

வந்தது. மெருகேற்றினேன்.
ஒட்டவில்லை.
டப்பா சொல்லும் பசை பிளாஸ்டிக்கை உருக்கி
பிளாஸ்டிக்கோடு மட்டுமே சேர்த்துவைக்கும்,
சொந்தத்துக்குள்ளேயே பெண்ணெடுக்கிற பசை.
இரண்டு முறை விழுந்து,
இரண்டாம் முறை அரைமணி நேரம் தரையில் தவழவிட்டது.
கடைசியில் கேப் ஒட்டும் சிமெண்டையே குழைத்தேன்.
இனி அந்தக் கார் முறுக்குத் தின்னலாம்.

பத்து நாள் கழித்து சவரிமுத்துவே வந்தார்,
கொக்கி கடிக்கிறதென்று.
காப்பிக்கொட்டை லாரியை இருபது வளைவிலும் இறக்கி ஏற்றும் கை
கேட்காமலே காரை எடுத்துவிட்டது.
‘ஷ்டியரிங் தப்பான பக்கம்.’
அந்த ஊரில் அப்படித்தான்.
‘இருக்கட்டும். மலைக்கு ஆகாது.
எதிர்ல வர்ற பஷ்ஷு மூக்கு தெரியறதுக்குள்ள
நம்ம மூக்கு போயிருக்கும்.’
புதுத் தகட்டின் கீழ்
‘ஸ’ இன்னும் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது.

சொல்லிவிட்டு, ஆகாத வண்டியை
மேஜையில் வைத்து ஒற்றை விரலால் உருட்டினார்,
ஓமலூர் வாயைச் சுற்றி, ஆத்தூர் வாயைச் சுற்றி,
ஒவ்வொரு திருப்பத்திலும்
உதட்டுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு.
பதினோராவது அச்சில் மேஜை முடிந்துவிட்டது.
ஜன்னலில் மலை இருந்தது,
பாதிக்கு மேல் மேகம்.

அசல் காருக்கும் உடம்பு ஃபைபர்தான் என்று
டப்பாவின் பக்கவாட்டில் போட்டிருக்கிறது.
ஆகவே இது பெரிய பொய் இல்லை.
பளபளக்கிற பன்னிரண்டும் பூச்சு;
நகத்தால் கீறினால் வெள்ளை தெரியும்.
நாலாவதைக் கீறினால் நகம் போகும்.
முழுக் காரில் உலோகம் அது ஒன்றுதான்,
பொய்ப்பல்.

கொக்கியைத் தளர்த்திக் கொடுத்தேன்.
அவர் உடனே மாட்டிக்கொள்ளவில்லை.
தகட்டைக் காதருகே வைத்து நகத்தால் தட்டினார்.
பிறகு காரின் பல்வரிசையில் ஒவ்வொன்றாய்த் தட்டி
நாலாவதில் நின்றார்.
என்னைப் பார்த்தார்.
நான் அச்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

செவர்லே பெயரில் தில்ஷாத் எழுதிய சீட்டு
மாதா மாதம்
வசூலாகாத கணக்கில் வருகிறது.