பாதம் வைத்த எழுத்து

முத்தியால்பேட்டையில் என் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மழைக்கு ஒழுகும் ஒரு மூலை.
பிரெஞ்சில் எனக்கு அர்த்தம் தெரியாது,
எழுத்து நிற்கும் விதம் தெரியும்.

காரமோன் என்று ஒன்று.
ஒவ்வொரு காலுக்கும் கீழே சின்னதாய்ப் பாதம்.
தண்டு ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும்,
மை தொட்ட இறகு இன்னும் உள்ளே இருப்பதுபோல்.
தூதரகத்துக்குப் போகும் பென்ஷன் மனு அதில்.
நோட்டேர் பத்திரம் அதில்.
பீச் ரோடு ஓட்டல் மெனுவை அதில் மாற்றினேன்,
மீன் குழம்பு நூறு ரூபாய் ஏறியது,
யாரும் கேட்கவில்லை.
சாவுச் சீட்டும் அதில்தான்,
சுற்றிலும் கறுப்புக் கோடு.

மதாம் லூர்தநாயகி வந்தார்.
"பிலூவைக் காணோம். நல்ல எழுத்தாப் போடு,
ஜனங்க நம்பணும்."
போட்டேன்.
நடுவில் காதைத் தூக்கிப் பார்க்கும் நாய்,
கீழே பெயர், வயது பதினொன்று,
கடைசியாகப் பார்த்த தேதி.

மறுநாள் அவர் வாசலில்
இரண்டு மாலை, ஒரு மெழுகுவத்தி,
பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டபடி
கோயில்பிள்ளை.

சண்டைக்கு வந்தார். எழுத்தை மாற்றினேன்:
பாதம் வெட்டிய மொழுக்கை எழுத்து,
ரீசார்ஜ் கடைக்குப் போடுவது.
சாயங்காலமே சோலைநகர்ப் பையன் ஒருவன்
மீன்தலை நாற்றத்தோடு பிலூவைத் தூக்கி வந்தான்.

பழைய நோட்டீஸ் நாற்பது மிச்சம்.
கிழிக்கப் போனேன், மதாம் விடவில்லை.
"இருக்கட்டும். தேதி மட்டும் திருத்திக்கலாம்"
என்றார், நாயின் காதைத் தடவிக்கொண்டே.