மேல்வீட்டுத் தரை

நான் வாங்கப் போவது என் வீட்டுத் தரையை அல்ல,
என் தலைக்கு மேல் ஓடுகிற
ஹம்ஸாவின் தரையை.

சால்மியாவில் ஆறாம் மாடி எனக்கு,
ஏழாவது அவர்களுக்கு.
இரவுப் பணி முடிந்து
எட்டரைக்குக் கண்ணயர்ந்தால்
பதினொன்றுக்கு அவன் குதிரை புறப்பட்டுவிடும்.
மூன்று முறை படியேறிச் சொல்லிப் பார்த்தேன்.
நாலாம் முறை
பாதிப் பணம் நான் தருகிறேன் என்றேன்.
அவன் அம்மா நெஸ்ரீன்
புதினா மிதக்கும் தேநீரை நீட்டி
எந்த நிறம் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, ஷுவைக்.
வெளியே புழுதிக்காற்று.
உள்ளே உம்மர்குட்டி
தேக்கு, ஓக், வால்நட் என்று
ஒரு காட்டையே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.
"சிஸ்டரே, இது ஏசி நாலாக்கும்."
நாலு எதற்கு, ஒரு ஏசியே போதும் என்றேன்.
சிரித்தார். தேய்மானத்துக்கு மதிப்பெண்ணாம்:
வீடென்றால் மூன்று, கடையென்றால் நாலு.
ஹம்ஸாவைக் காட்டினேன்.
இவனுக்கு ஐந்து இருக்கிறதா?

நிறத்தை நெஸ்ரீன் பார்த்துக்கொண்டாள்.
நான் பலகையைத் திருப்பி வெட்டுவாயைப் பார்த்தேன்.
மேலே இருப்பது மரத்தின் புகைப்படம்,
புகைப்படத்தில் யார்தான் அழகில்லை?
ஓரத்தை நகத்தால் நிமிண்டினால்
ஒன்று ரவையாய் உதிர்ந்தது.
இன்னொன்றை முகர்ந்தேன்;
எங்கள் ஆய்வகத்து ஜாடிகளின் நெடி,
கண் கரித்தது.
குழந்தை தவழ்ந்த தரையில் அது வேண்டாம்.

கைப்பையில் டிஷ்யூ பொட்டலம்:
என் ஜன்னல் விளிம்பில் வழித்தெடுத்த மணல்.
இந்த ஊரில் தரையைத் தின்பது காலல்ல, இதுதான்.
கொட்டி, குதிகாலால் திருகித் தேய்த்தேன்.
உம்மர்குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.
பெட்டியைப் பிரித்துப் பரப்பச் சொன்னேன்.
ஒன்பது பலகையில் நாலுக்கு
ஒரே இடத்தில் ஒரே கணு,
ஒரே மச்சத்தோடு நாலு பேர் வந்து நின்றது போல.

போன வாரமே மூன்று துண்டுகளை
பெயர் எழுதி ஒட்டி
தண்ணீரில் அட்மிட் செய்திருந்தேன்.
மறுநாள் ஸ்கேலோடு ரவுண்ட்ஸ் போனால்
முதலாவதற்கு நீர் கோத்த கால்;
கட்டைவிரல் அழுத்திய குழி எழும்பவே இல்லை.
இரண்டாவது உதடு பிதுங்கியிருந்தது.
மூன்றாவது மட்டும்
அரை மில்லிமீட்டர் ஊதி, அதோடு நிறுத்திக்கொண்டது.
அதைத்தான் இன்று
கடையின் பரண்மேல் விரித்துப் பூட்டச் சொன்னேன்.
டக்கென்று கவ்வியது;
இணைப்பின் மேல் நகத்தை ஓட்டினால் தடுக்கவில்லை.

நான் கீழே நின்றேன்.
ஹம்ஸா, குதி.
அவன் அம்மாவின் அபாயாவுக்குள் ஒளிந்தான்.
வெட்கப்படாதே.
சோபாவிலிருந்து தொப்பென்று ஒன்று,
பிறகு குடுகுடுவென்று ஏழு எட்டு,
அப்புறம் கதவில் முட்டுவாயே, அந்த மாதிரி.
அவன் வாயைப் பிளந்தான்.
குதித்தான்.
தலையணையை யாரோ அடித்தது போலிருந்தது.
இன்னொரு முறை என்றேன்.

பரண் கம்பியைப் பிடித்துக் குனிந்து
நெஸ்ரீன் என்னையே பார்த்தாள்.
"வேறென்ன கேட்கும் உனக்கு?"

விடுப்பு நாளின் மூன்று மணி.
சமையலறையிலிருந்து பால்கனிக்கு
செருப்பில்லாமல் போய் வரும்
பெரிய ஆளின் காலடி.
நாற்காலி இழுபடும்.
நெடுநேரம் ஒன்றுமே இருக்காது.
பிறகு மூக்கைச் சிந்தும் ஓசை.

வேறொன்றும் கேட்காது, நெஸ்ரீன்.

உம்மர்குட்டியிடம் போய் மெதுவாகச் சொன்னேன்:
அடியில் விரிக்கும் ஃபோம்
இரண்டு மில்லி வேண்டாம்,
மூன்றாகப் போடுங்கள்.
கூடுவது எவ்வளவானாலும்
என் கணக்கில்.