பொருள் விவரம்

ஆடி பிறந்த மறுநாளே வந்துவிடுகிறார்கள்.
முகூர்த்தம் இல்லாத மாதத்தில்
காரைக்குடி செக்காலை ரோட்டில்
எங்கள் அடகுக் கடைப் படி
கச்சேரி மேடை மாதிரி நிறைந்துவிடும்,
சத்தம் மட்டும் இருக்காது.

ரசீதில் நான் நிரப்ப வேண்டியது ஐந்து கட்டம்.
பெயர். ஊர். பொருள் விவரம். எடை. தொகை.
டிரம்பெட் ஒன்று, பித்தளை என்று எழுதினேன்.
தேவகோட்டை இன்னாசி தலையை நீட்டிப் பார்த்தார்.
"ரெபேக்கான்னு போடுங்க, மேடம்.
போன வருசம் வெறும் ஒன்றுன்னு போட்டு
ஆவணி முழுக்க மேல்ஸ்தாயி போகவே இல்ல."

முதலாளி கால்குலேட்டரிலிருந்து நிமிரவில்லை.
"பேருக்கெல்லாம் பைசா கிடையாது."
"வட்டியும் கிடையாதுல்ல?" என்றார் இன்னாசி.
எழுதினேன்.
கட்டம் சின்னது.
ரெபேக்கா எடைக்குள் காலை நீட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள்.
புதுவயல் நிஜாமுதீனின் கீபோர்டு, மலேசியா.
அண்ணன் ஈப்போவில் பரோட்டா வீசி அனுப்பிய காசு.
அதில் ஒரு கட்டை அமுக்கினால் எழாது.
அந்தக் கட்டைக்கு மட்டும் தனிப் பேர், மச்சான்.
பேண்டு செட்டின் பெரிய டிரம்முக்கு
யார் யாரோ வைத்த நான்கு பேர் இருந்தது.
சண்டை தீரும் வரை
அந்தக் கட்டத்தில் பென்சில்தான்.

கண்டனூர் பெரியதம்பி
நாகஸ்வரத்தை உறையிலிருந்து உருவினார்.
சீவாளியைக் கழற்றிச்
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
"அதுவும் சேர்ந்ததுதானே?" என்றார் முதலாளி.
"நாக்கை எவனாவது அடகு வைப்பானா?"
பிறகு என் பக்கம் திரும்பி
"உமையாள்" என்றார்.
"சொல்லுங்க" என்றேன்.
"இல்லம்மா, இதோட பேரு."

எத்தனையோ இடத்தில் எழுதிய பெயர்தான்.
பரீட்சைத் தாள், ரேஷன் கார்டு, விவாகரத்து மனு.
அதற்கு நேரே பன்னிரண்டாயிரம் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடை சாத்தும் நேரத்தில் சாக்கோட்டை வீரசேகரன்.
தவிலை இறக்கியபோது
தொப்பிப் பக்கம் தரையில் பட்டுத் தொம் என்றது.
பேர்?
"இல்ல."
பேரே வைக்கலையா?
"வச்சா கூப்பிடணும்.
கூப்பிட்டுப் பழகினா விட்டுட்டுப் போக முடியாது.
பலா மரம், தோலு, வாரு. எழுதுங்க."
தவில் ஒன்று.
பணத்தை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டார்.
படி இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்காததை நான் பார்த்தேன்.

வெயில் தாழ்ந்தால் உள் அறையில் ஒரு டக்.
"எலி" என்பார் முதலாளி.
பத்து நிமிடம் கழித்து இன்னொரு டக்.
எந்த எலிக்கு அவ்வளவு பொறுமை?

ஆவணியில் ரெபேக்கா போனாள்.
மச்சானோடு மலேசியா போனது.
பெரியதம்பி கொண்டுவந்த பணத்தில்
பதினெட்டு ரூபாய் குறைந்தது.
முதலாளி பார்க்காதபோது நான் போட்டேன்.
என்னை மீட்டுக்கொண்டு போனார்.

வீரசேகரனின் ரசீது மழையில் நனைந்து
கூழாகிவிட்டிருந்தது. ஒரு எழுத்தும் தெரியவில்லை.
நம்பர் இல்லாமல் எப்படித் தர என்று
முதலாளி ஆரம்பிப்பதற்குள்
"நானூத்திப் பதினேழு" என்றார்.
ஆடி முப்பத்தோரு நாளும்
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.
பேரேட்டைப் புரட்டினேன். சரியாக இருந்தது.

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
தூண்களுக்கு நடுவே மேளம்.
எனக்கு வணக்கம் வைக்கக் கை ஒழியவில்லை அவருக்கு.
தாம்பாளம் எடுத்துவந்த பையன்
வழியில் கிடந்த வாரில் தடுக்கப் போனான்.
"டேய், பாத்து! நானூத்திப் பதினேழ மிதிச்சுறாத!"
ஒத்து ஊதுகிறவர் சிரிக்கவில்லை,
ஜால்ரா சிரிக்கவில்லை.
அவர்களுக்கு அது பழகிவிட்டது.

கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று
யாரோ விரலை ஆட்டினார்.
வலந்தலையில் விழுந்த முதல் அடிக்கே
என் பேனா நகர்ந்துவிட்டது.
மொய்க் கவரில் உமையா வரை எழுதியிருந்தேன்.
கடைசி எழுத்து இன்னும் பாக்கி.