கேட்டு

மூன்று வீடு மாறி வந்தது.
முதல் வீட்டில் டைகர், அடுத்த வீட்டில் ராணா,
மூன்றாவது வீட்டில் வெறும் சவத்து மூதி.
காருக்குறிச்சிக்கு இந்தப் பக்கம், என் ரயில்வே கேட்டுக்குக்
கயிற்றோடு இழுத்து வந்தார் வாழைத்தார் வியாபாரி சொரிமுத்து.
"வேட்டைக்குன்னு வாங்குனது. மொசல விட்டுட்டு
மோட்டார் சைக்கிள வெரட்டுது.
நீங்க தனியா ராத்திரி டூட்டி பாக்கீங்க, வச்சிக்கிடுங்க."
சொல்லும்போது அவர் கணுக்காலில் கட்டு.

சிப்பிப்பாறை. வைக்கோல் நிறம். விலாவை எண்ணிவிடலாம்.
முதல் வாரம் எல்லாவற்றையும் குரைத்தது:
பால் கேன், பள்ளிக்கூட வேன், என் பச்சைக் கொடி.
செங்கோட்டை பாசஞ்சருக்கு மட்டும் குரைக்காது,
ஓடும். கயிறு முடிகிற இடம் வரைக்கும் ஓடும்.
நானும் கத்தினேன்.
என்னையும் தன் கட்சி என்று நினைத்து
இன்னும் கொஞ்சம் கூட்டிக் குரைத்தது.
எட்டாம் நாள் என் பெருவிரலுக்குக் கீழே நாலு பல்.
"இத வளக்கணுமாக்கா?" என்றாள் ஊசி போட்ட நர்ஸ்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன்.
ரயிலுக்கு முன்னால் போன் அடிக்கும்.
ஸ்டேஷனில் நம்பர் சொல்வார்கள், நான் நம்பர் சொல்வேன்,
ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு விஞ்சைச் சுற்றுவேன்.
அந்த நேரத்தில் எனக்குக் கத்துகிற குரலே கிடையாது.
அப்போதெல்லாம் அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சாளைக் கருவாடு, சுண்டுவிரல் நகமளவு.
போன் அடித்தால் ஒன்று.
விஞ்சு சுற்றும்போது பின்கால் மடிந்தால் ஒன்று.
கடைசிப் பெட்டி போகும்வரை மடிந்தே இருந்தால்
உள்ளங்கையில் மீதி எல்லாம்.
முதல் மாதம் என் நீலச் சட்டை நாறியதுதான் மிச்சம்.
ஐப்பசியில் ஒரு நாள், மூன்று ரயிலுக்கு இருந்துவிட்டு
நாலாவதுக்கு அறுத்துக்கொண்டு ஓடி,
ஜல்லியில் கால் சிராய்த்து,
நொண்டி வந்து என் செருப்பைக் கடித்தது.
செருப்பை மட்டும்.
இதை எழுத ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை.

"இரு" என்று ஒரு சொல். "போ" என்று ஒரு சொல்.
இரண்டும் மெதுவாக, நம்பர் சொல்கிற குரலில்.
ஊரில் அதைக் கேட்டு நாய் என்றார்கள்,
பிறகு வெறும் கேட்டு.
"கேட்டு, கேட்டு நடக்குதே!" என்று சிரித்தார் சொரிமுத்து,
மூடிய கேட்டுக்கடியில் பைக்கைச் சாய்த்து நுழைத்தபடி.
அது உட்கார்ந்து அவரைப் பார்த்தது.
அவரை உட்காரவைக்க என்னிடம் கருவாடு இல்லை.

கார்த்திகை அடைமழை. ராத்திரி கூட்ஸ்.
இரு என்றேன். இருந்தது.
கூட்ஸ் போனதும் போன்:
வீரவநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தில் மரம்.
நம்பர், ரிஜிஸ்டர், மறுபடி போன்,
லாரிக்காரனோடு ஒரு சண்டை.
ஒன்றரை மணிக்குக் கதவைச் சாத்த வந்தால்
விளக்கின் மஞ்சளில், சொன்ன இடத்தில்,
வைக்கோல் நிறம் கருத்து, தொடை நடுங்க,
கண் மட்டும் என் வாய் மேல்.

நான் போ சொல்லவில்லை.
இரண்டு மணி நேரம்.

கடித்த அன்றுகூட அதைப் பார்த்து
இப்படிப் பயந்ததில்லை.
"போ" என்றேன். சத்தம் வரவில்லை.
"போ."
நேரே உள்ளேதான் வந்தது.
மேஜையருகே நின்று உதறியதில்
அன்றைய நம்பரெல்லாம் நீலமாய்ப் பரவின.

காலை டூட்டிக்கு வந்த ஏசுவடியான்
"என்னக்கா, எழுத்தெல்லாம் அழிஞ்சி கெடக்கு?" என்றான்.
"கேட்டு" என்றேன்.
எந்தக் கேட்டு என்று அவன் கேட்கவில்லை.

இப்போது புதிதாக ஒன்று பழக்குகிறேன்.
கடைசிப் பெட்டி போனபின் நூறு எண்ணுவேன்,
வாய் திறக்க மாட்டேன்.
அதற்குள் தானே எழுந்து வந்தால் மூன்று துண்டு.
இதுவரை வரவில்லை.
தொண்ணூற்றெட்டில்
நானே போ என்றுவிடுகிறேன்.